எமது பாடல்களைப் பதிவு செய்வோம்: குறைந்த செலவில் கருவி தெரிவு செய்தல்



கிணற்றின் ஊற்றைப் பார்க்காமல் பம்பு வாங்குபவர் பணத்தையும் இழப்பார், பயிரையும் இழப்பார். கற்பிட்டிக் குடாநாட்டு மணற்றரையில் வெங்காயமும் மிளகாயும் செய்து பழகிய எமக்கு இதை எவரும் கற்றுத்தரத் தேவையில்லை. இரண்டு அங்குலக் குழாய் போதுமான கிணற்றுக்கு மூன்று அங்குல இயந்திரத்தை இறக்கினால் கிணறு வற்றும், அடியில் உவர் நீர் ஏறும், கடன் மட்டும் மிஞ்சும். ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதும் இதைப் போன்றதே. எமது குடியிருப்புகளில் இளைஞர் குழுக்களும் மாதர் சங்கங்களும் பெரியோரின் பாடல்களைப் பதிவு செய்ய விரும்புகின்றன. எதை வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது, வாங்காமலே எதைச் செய்யலாம் என்ற கேள்விகளை இப்பாடத்தில் நாம் ஒழுங்காக ஆராய்வோம்.

1. ஏன் பதிவு செய்ய வேண்டும்?

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டக் கரையில், கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடி, பாலாவி போன்ற இடங்களில் தங்கினர். போரின் வெவ்வேறு கட்டங்களில் தமிழ்க் குடும்பங்களும் இக்கரைக்கு வந்து சேர்ந்தன. வந்தவர்களில் பலர் வயற்காரர்கள். வயலையும் மாட்டையும் ஏரையும் கொண்டுவர முடியவில்லை. அருவி வெட்டும்போதும் சூடு மிதிக்கும்போதும் பாடிய பாட்டை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை.

ஆனால் அப்பாட்டுக்கு இன்று வேறொரு ஆபத்து வந்திருக்கிறது. 1990இல் முப்பது வயதில் வயலில் நின்று பாடியவர் இப்போது அறுபதைக் கடந்த முதியவர். அவருடைய பிள்ளைகள் பலர் இம்மணலிற் பிறந்தவர்கள். நெல்வயலிற் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களல்லர். 2009இன் பின்னர் மீண்டும் ஊருக்குப் போனவர்களின் வயல்களிலும் இன்று இயந்திரமே அறுவடை செய்கிறது. பாட்டைச் சுமந்து நின்ற வேலை போய்விட்டதால், பாட்டு முதியவரின் நெஞ்சில் மட்டும் தங்கியிருக்கிறது.

எழுதி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதி நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளிவரச் செய்தார். மன்னார் நாடக ஏடுகளையும் பதிப்பித்தார். அந்நூல்கள் இல்லாவிடில் எத்தனையோ அடிகள் மறைந்திருக்கும். எனினும் நூலில் நிற்பது சொல். எங்கே நீட்டுவது, எங்கே மூச்சு விடுவது, பின்பாட்டுக்காரர் எந்த இடத்திற் சேர்வது, மத்தளம் எப்போது நடை மாற்றுவது என்பவை அச்சில் ஏறுவதில்லை. அவை காதுக்கு உரியவை. எனவே காதுக்காகவே அவற்றைச் சேமிக்க வேண்டும்.

எமது மாவட்டத்திலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்கள், வலை இழுக்கும் கைகளின் அசைவோடு பிறந்தவை. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிராம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் பாடும் மாஞ்சாப் பாடல்கள், போர்த்துக்கேயம் கலந்த ஒரு மொழியில் உள்ளவை. அச்சொற்களின் முழுப் பொருளும் இளையவர்களுக்கு இப்போது விளங்குவதில்லை. மெட்டும் தாளமும் நிற்கின்றன. மொழி தேய்ந்த பின்னரும் ஒரு சமூகத்தை ஒன்றாக வைத்திருக்கும் வலிமை இசைக்கு உண்டு என்பதை இதிலிருந்து நாம் அறிகிறோம்.

2. பெரிய கூடம் வேண்டுமா?

நல்ல பதிவு என்றால் கொழும்பிற் கண்ணாடி அறையில்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உலக அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது.

1933இல் அமெரிக்காவில் ஜோன் லோமாக்ஸும் அவருடைய மகன் அலன் லோமாக்ஸும் நாட்டுப் பாடல்களைப் பதிவு செய்யக் கிராமங்களுக்கும் சிறைகளுக்கும் சென்றனர். அவர்களுடைய கருவி நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. காரின் பின்புறத்தில் ஏற்றிச் சென்றார்கள். இன்று ஒரு சட்டைப் பையில் அடங்கும் கருவி அதைவிடத் தெளிவாகப் பதிவு செய்கிறது.

1982இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற புகழ்பெற்ற பாடகர் தமது வீட்டு அறையிலிருந்து கிற்றார், ஹார்மோனிக்கா ஆகியவற்றுடன் சில பாடல்களைப் பாடினார். பயன்படுத்தியவை சாதாரண ஒலிநாடாவிற் பதியும் நான்கு தடக் கருவி ஒன்றும், ஷுவர் எஸ்.எம்.57 ஒலிவாங்கிகள் இரண்டும். பின்னர் தமது இசைக்குழுவோடு பெரிய கூடத்தில் அதே பாடல்களைப் பாடிப் பார்த்தார். வீட்டுப் பதிவின் உயிர் அதில் வரவில்லை. இறுதியில் அந்த ஒலிநாடாவே ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தது. அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. பாடலுக்குப் பொருத்தமானது எது என்று கேட்டு முடிவு செய்தார். நாமும் அதையே கேட்க வேண்டும்.

3. வாங்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

(அ) எதைப் பதியப் போகிறோம்? தனி ஒருவரின் தாலாட்டா, றபான் குழுவா, மத்தளமும் தாளமும் பின்பாட்டும் சேர்ந்த கூத்தா? தனிக்குரலுக்கு ஒரு ஒலிவாங்கி போதும். முன்பாட்டும் பின்பாட்டும் உள்ள குழுவுக்கு, இடம் வலம் இரண்டையும் பிடிக்கும் இரட்டை ஒலிவாங்கி நல்லது.

(ஆ) எங்கே பதியப் போகிறோம்? வீட்டிலா, மரத்தடியிலா, மண்டபத்திலா? மின்சாரம் உண்டா? 2022இல் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. பற்றறியில் இயங்கும் கருவியே எமக்கு முதன்மையானது.

(இ) பதிந்ததை என்ன செய்யப் போகிறோம்? குடும்பத்துக்காகச் சேமிப்பதா, பாடசாலையிற் கேட்கச் செய்வதா, வெளியிடுவதா? சேமிப்புக்கும் கற்பித்தலுக்கும் தெளிவு போதும். விற்பனைக்கு வெளியிடுவதானால் மட்டுமே செலவு கூடும்.

இம்மூன்றுக்கும் விடை எழுதாமல் கடைக்குப் போனால், கடைக்காரரே எமக்காக விடை எழுதிவிடுவார். திருமண வீட்டுக்குப் பாட்டுப் போடும் பெரிய ஒலிபெருக்கித் தொகுதியை வாங்கிவிட்டு, ஒரு மூதாட்டியின் தாலாட்டை அதிற் பதிய முடியாமல் நிற்கும் நிலை எந்தச் சங்கத்துக்கும் வரக்கூடாது.

4. இடமே முதற் கருவி

ஒலிப்பதிவில் அதிகம் கெடுப்பது மலிவான கருவியன்று. எதிரொலியும் காற்றும் இரைச்சலுமே. இவற்றைக் குறைக்கப் பணம் தேவையில்லை.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள. ‘டங்’ என்று ஒலி நீண்டால் அந்த அறை ஆகாது. சீமெந்துச் சுவரும் ஓட்டுத் தரையும் உள்ள மண்டபம் பார்வைக்கு அழகானது, ஒலிக்கு மோசமானது. தகரக் கூரையின் கீழும் அப்படியே. கிடுகுச் சுவரும் மணல் தரையும் உள்ள குடிசையோ ஒலியை உறிஞ்சும். வசதியற்றது என்று நாம் நினைக்கும் வீடு, பாட்டுப் பதிவதற்கு வசதியான வீடாக இருக்கலாம்.

கல்வீட்டிற்றான் பதிய வேண்டுமானால், பாடுபவரின் பின்னாலும் பக்கங்களிலும் கொடி கட்டி, தடித்த போர்வைகளையும் சாரங்களையும் மடித்துத் தொங்கவிடுங்கள். நிலத்திற் பாய் விரியுங்கள். தும்பு மெத்தை ஒன்றைச் சுவரிற் சாத்துங்கள். நெல் மூட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதனாற் பெரிய பயனில்லை.

எமது கரையில் மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று ஓய்வதில்லை. ஒலிவாங்கியிற் காற்று நேராகப் பட்டால் இடி முழக்கம் போலப் பதியும். மாரிக்கும் சோளகத்துக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பதிவுக்குத் தெரிவு செய்யலாம். மற்ற மாதங்களில் விடியற்காலையே ஏற்றது. அப்போது காற்றும் குறைவு, தெருவில் வாகனமும் குறைவு, முதியோரின் குரலும் களைக்காமல் இருக்கும்.

பதிவின்போது மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவற்றை நிறுத்துங்கள். எமது காது இவற்றுக்குப் பழகிவிட்டது, ஒலிவாங்கி பழகுவதில்லை.

5. ஒலிவாங்கிகளை அறிவோம்

இரண்டு வகைகளை அறிந்தாற் போதும்.

முதலாவது டைனமிக் ஒலிவாங்கி. இதனுள் ஒரு காந்தமும் சிறு கம்பிச் சுருளும் உண்டு. கோவிலிலும் கூட்டங்களிலும் கையிற் பிடித்துப் பேசுவது பெரும்பாலும் இதுவே. உறுதியானது, விழுந்தாலும் எளிதில் உடையாது, வெளி மின்சாரம் தேவையில்லை. அருகிலுள்ள சத்தத்தை நன்றாகப் பிடிக்கும், தூரத்து இரைச்சலை அவ்வளவாகப் பிடிக்காது. எனவே இரைச்சலான இடத்திற் பாடுபவரின் வாயருகே வைத்துப் பதிய ஏற்றது. மெல்லிய தாலாட்டைச் சற்றுத் தூரத்திலிருந்து பதிந்தால் ஒலியை மிகவும் உயர்த்த வேண்டும். அப்போது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடவே வரும்.

இரண்டாவது கொண்டென்சர் ஒலிவாங்கி. மெல்லிய ஒரு தகடு ஒலியில் அதிர்வதை இது உணர்கிறது. மூச்சையும் தந்தியின் நுண்ணிய அதிர்வையும் பிடிக்கும். அதே வேளையில் அயல்வீட்டுக் கோழியையும் பிடிக்கும். கூடங்களிற் பயன்படும் இவ்வகைக்கு 48 வோல்ட் மின்னூட்டம் தேவை. அதை வழங்கும் இடைமுகக் கருவியும் கம்பியும் தாங்கியும் கணினியும் வேண்டும். ‘ஒலிவாங்கி மலிவாகக் கிடைத்தது’ என்று வாங்கிய பின்னரே மற்ற நான்கும் நினைவுக்கு வருவதுண்டு. கைத்தொலைபேசியிலும் கைப்பதிவுக் கருவியிலும் உள்ள சிறு ஒலிவாங்கிகளும் கொண்டென்சர் இனத்தவையே. அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் கருவியின் பற்றறியிலிருந்தே கிடைக்கிறது.

6. நான்கு படிகள்

ஏணியில் ஏறுவது போல, ஒவ்வொரு படியாக ஏறுவோம். கீழ்ப்படியில் உறுதியாக நிற்காதவர் மேற்படிக்குப் போக வேண்டாம்.

முதற்படி: கையிலுள்ள தொலைபேசி. புதிய செலவு ஏதுமில்லை. தொலைபேசியை ‘விமான நிலை’க்கு மாற்றுங்கள், பாட்டின் நடுவில் அழைப்பு வராது. ஒலிப்பதிவுச் செயலியில் ‘வேவ்’ என்ற சுருக்கப்படாத வடிவம் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் குரற்செய்தியாகப் பதிய வேண்டாம். அது பேச்சுக்காக ஒலியை மிகவும் சுருக்குகிறது, பாட்டின் நயம் போய்விடும். தொலைபேசியைக் கையில் வைத்திருக்காமல், மடித்த துவாயின் மேல், பாடுபவரிடமிருந்து ஒரு முழம் முதல் இரண்டு முழம் தூரத்தில் வையுங்கள். ஒலிவாங்கித் துளை பெரும்பாலும் கீழ் விளிம்பில் உள்ளது. அந்தப் பக்கம் பாடுபவரை நோக்கட்டும். இப்படியே பத்துப் பாடல்களைப் பதிந்து முடித்த குழுவே அடுத்த படிக்குத் தகுதியானது.

இரண்டாம் படி: கம்பியுள்ள சிறு சட்டை ஒலிவாங்கியும் காதுக்கருவியும். போயா பி.வை.-எம்.1 போன்றவற்றை இலங்கையிற் பலர் அறிவர்; அதன் கம்பி 6 மீற்றர் நீளமானது. தனிக்குரலுக்கும், பாடலின் வரலாற்றைப் பெரியவர் சொல்வதைப் பதிவதற்கும் இது சிறந்தது. றபான், மத்தளம் போன்ற உரத்த கருவிகளுக்கு ஏற்றதன்று. வாங்குமுன் உங்கள் தொலைபேசியிலுள்ள துவாரம் எது என்று பாருங்கள். பழைய வட்டத் துவாரம் புதிய தொலைபேசிகள் பலவற்றில் இல்லை. டைப்-சி இணைப்பி தனியாகத் தேவைப்படும். காதுக்கருவி காதை முழுவதும் மூடுவதாகவும் கம்பியுள்ளதாகவும் இருக்கட்டும். கேட்காமற் பதிவது, உப்புப் பார்க்காமற் சமைப்பது போலாகும்.

மூன்றாம் படி: கைப்பதிவுக் கருவி. எமது தேவைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும் என்பது எமது கருத்து. ஸூம் எச்1என், டாஸ்காம் டி.ஆர்.-05எக்ஸ் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. இரண்டிலும் இரட்டை ஒலிவாங்கி உள்ளேயே உண்டு. முன்னையது இரண்டு மூன்று-ஏ பற்றறியிலும், பின்னையது இரண்டு இரண்டு-ஏ பற்றறியிலும் இயங்கும். ஸூமின் ஒலிவாங்கிகள் குறுக்காக அமைந்து முன்னாலுள்ளதைக் கூடுதலாகப் பிடிக்கும். டாஸ்காமின் ஒலிவாங்கிகள் எல்லாப் பக்கமும் கேட்கும். வட்டமாக அமர்ந்து பாடும் குழுவின் நடுவே வைக்கப் பின்னையது பொருந்தும். எதிரே நின்று பாடுபவருக்கு முன்னையது பொருந்தும். 2024இல் வந்த ஸூம் எச்1எசென்ஷல் ‘32 பிட் ஃப்ளோட்’ முறையிற் பதிகிறது. ஒலியளவைத் தவறாக வைத்துப் பாட்டுச் சிதையும் அபாயம் இதிற் குறைவு. புதிதாகப் பழகுவோருக்கு இது பெரிய உதவி.

நான்காம் படி: கணினி, இடைமுகக் கருவி, தனி ஒலிவாங்கிகள். கணினி ஏற்கெனவே இருந்தால் மட்டும் இதைப் பற்றி எண்ணுங்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெஹ்ரிங்கர் யூ.எம்.2 போன்ற சிறு இடைமுகங்கள் யூ.எஸ்.பி. கம்பி மூலம் கணினியோடு இணைகின்றன. ஓடியோ-டெக்னிகா ஏ.டி.2020 கொண்டென்சர் வகையிலும், ஷுவர் எஸ்.எம்.57 டைனமிக் வகையிலும் நெடுநாள் நிலைத்தவை. குரலையும் இசைக்கருவியையும் தனித்தனித் தடத்திற் பதிய வேண்டுமானால் இப்படி தேவை. ஷுவர் ஒலிவாங்கிகளுக்குப் போலிகள் அதிகம். நம்ப முடியாத மலிவு விலையில் எவரேனும் தந்தால் ஐயப்படுங்கள்.

வெட்டி ஒட்டவும் ஒலியைச் சீராக்கவும் ‘ஓடாசிட்டி’ என்ற கணினி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பயன்படுகிறது. இதற்காக எவரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

7. பணத்தைப் பங்கிடுதல்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 வரை ஏறியது. இறக்குமதிப் பொருளின் விலை இப்படி மாறக்கூடியது. எனவே இங்கே விலைகளை அச்சிடாமற் பங்குகளைத் தருகிறோம். கையிலுள்ள தொகையை 100 பங்காக எண்ணுங்கள்.

• பதிவுக் கருவி அல்லது ஒலிவாங்கி: 50 பங்கு
• காதுக்கருவி: 15 பங்கு
• தாங்கி: 10 பங்கு
• காற்றுத் தடுப்பு உறை, கம்பி, இணைப்பி: 10 பங்கு
• நினைவு அட்டையும் பிரதி வைக்கும் சாதனமும்: 15 பங்கு

முழுத் தொகையையும் கருவியிற் போட்டுவிட்டுத் தாங்கியும் உறையும் இல்லாமற் பதிவதைவிட, ஒரு படி குறைந்த கருவியை இவையெல்லாவற்றோடும் வைத்திருப்பது மேல். தாங்கியை மூங்கிலாலும் செய்யலாம். பஞ்சு உறையின் மேல் நீண்ட மயிருள்ள செயற்கைத் துணியைத் தைத்துப் போட்டால் காற்று இன்னும் அடங்கும். எமது பெண்களின் தையல் இயந்திரம் இங்கே கைகொடுக்கும்.

இன்னொன்றை வலியுறுத்திக் கூற விரும்புகிறோம். இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம். வாராந்தத் தவணை நுண்கடன் எமது குடும்பங்களை, சிறப்பாகத் தாய்மாரை, எப்படி வாட்டியது என்பதை அறிவோம். பாடல் வருமானம் தரும் பயிரன்று. அதற்காக வட்டி கட்ட முடியாது. நான்கைந்து குடியிருப்புகள் சேர்ந்து ஒரு தொகுதியைப் பொதுவாக வாங்கலாம். யார் எடுத்துச் சென்றார், எப்போது திருப்பித் தந்தார், பற்றறி எந்நிலையில் இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீரிறைக்கும் இயந்திரத்தைப் பொதுவாக வைத்துக்கொண்ட அனுபவம் எமக்கு உண்டு. அதே ஒழுங்கு போதும்.

பழைய கருவி வாங்கும்போது, உங்கள் பற்றறியையும் நினைவு அட்டையையும் கொண்டுசென்று கடையிலேயே ஐந்து நிமிடம் பதிந்து கேளுங்கள். பற்றறிக் குழியிற் பச்சை நிறத் துரு இருந்தால் வாங்க வேண்டாம்.

8. பதிவு நாளில்

• முதலில் ஒரு நிமிடம் பதிந்து, காதுக்கருவியிற் கேட்டுப் பாருங்கள். அதைப் பாடுபவருக்கும் கேட்கக் கொடுங்கள். தமது குரலைக் கேட்ட பின்னர் பலர் கூச்சம் நீங்கிப் பாடுவார்கள்.

• தூரத்தைக் கவனியுங்கள். தூரம் இரட்டிப்பானால் ஒலியின் வலு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. எனவே மெல்லிய குரல் அருகிலும், உரத்த கருவி தூரத்திலும் இருக்க வேண்டும். அண்ணாவியார் ஒலிவாங்கிக்கு எதிரே. பின்பாட்டுக்காரர் அவருக்குப் பின்னே அரைவட்டமாக. மத்தளமோ றபானோ அவர்களுக்கும் பின்னே.

• ஒலியளவுக் கோடு உச்சத்திற் கழித்தல் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். சிவப்பைத் தொட்ட ஒலியைப் பின்னர் சரிசெய்ய முடியாது. சற்றுக் குறைந்த ஒலியை உயர்த்திக்கொள்ளலாம்.

• ‘தானாகச் சரிசெய்யும்’ வசதியை நிறுத்துங்கள். அது அடிக்கும்போது மத்தளத்தைத் தாழ்த்தி, அடி ஓய்ந்ததும் கடலிரைச்சலை உயர்த்தும்.

• பாடுபவரை இடைமறிக்க வேண்டாம். தவறினாலும் பாடி முடிக்கட்டும்; மீண்டும் ஒருமுறை பாடும்படி அன்பாகக் கேட்கலாம். வயதானவரை ஒரே நாளில் நான்கைந்து பாடல்களுக்கு மேல் வருத்த வேண்டாம்.

• தொடக்கத்திலேயே ஒருவர் குரலிற் சொல்லிப் பதியட்டும்: இன்று என்ன திகதி, எந்த இடம், பாடுபவர் யார், அவருடைய பூர்வீக ஊர் எது, இப்பாடலை யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார். தாளில் எழுதியது தொலையலாம். ஒலியோடு பதிந்தது ஒலியோடு இருக்கும்.

9. பாதுகாத்தல்

குறுந்தட்டுத் தரமான ‘வேவ்’ பதிவு (16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ், இரட்டைத் தடம்) நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் பிடிக்கும். 32 கிகாபைட் அட்டையில் 50 மணி நேரம் வரை அடங்கும். எனவே இடத்தைச் சேமிக்க எம்.பி.3 ஆகச் சுருக்கிப் பதிய வேண்டியதில்லை. மூலத்தை ‘வேவ்’ ஆக வைத்துக்கொண்டு, பிறருக்குக் கொடுக்க எம்.பி.3 பிரதி எடுங்கள்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். இதன் காரணத்தை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாக அழிந்தன. 1990இல் சில மணி நேரத்தில் வீட்டைப் பூட்டிப் புறப்பட்டவர்கள் நிழற்படத்தைக்கூட எடுக்க முடியாமல் வந்தார்கள். ஒரே இடத்தில் உள்ளது ஒரே நாளில் அழியும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களை இணையத்திற் சேமித்து வருகிறது; இத்தகைய இடங்களில் ஒரு பிரதியை வைப்பது பற்றியும் சங்கத்திற் பேசுங்கள்.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் கருவியின் எதிரிகள். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பயன்படுத்தாத நாட்களிற் பற்றறிகளைக் கழற்றிவிடுங்கள்.

10. உரிமையும் மரியாதையும்

பாடல் ஊருக்கு உரியது. குரல் பாடுபவருக்கு உரியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுபவருக்கும் உரிமையை வழங்குகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எமது பண்பாடு அதையே சொல்லும். பதியுமுன் கேளுங்கள், பதிந்த பின்னர் யார் யார் கேட்கலாம் என்றும் கேளுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் இருக்கட்டும் என்று ஒரு தாய் சொன்னால், அந்தப் பதிவு குடும்பத்துக்குள் மட்டுமே இருக்க வேண்டும். தமது குரல் வெளியார் காதுக்குப் போகக்கூடாது எனப் பெண்கள் கருதினால், அவர்களே கருவியை இயக்கக் கற்றுத் தமக்குள் பதிந்துகொள்ள வழி செய்யுங்கள். ஒப்பாரியை இழவு வீட்டில் மறைவாகப் பதிவது பெரும் தவறு. பதிவின் ஒரு பிரதியைப் பாடியவரின் கையிற் கொடுத்த பின்னரே வேலை முடிந்தது எனக் கொள்ளுங்கள்.

கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் வேலைப் பாடல், தாலாட்டு, கூத்துப் பாடல், றபான் பாடல் தெரிந்த பெரியோர் யார் யார்? அவர்களின் வயது என்ன? யாரை முதலில் அணுக வேண்டும்?

2. பக்கத்துக் குடியிருப்பு வேறு சமயத்தது, வேறு ஊரிலிருந்து வந்தது. ஒரே கருவியை இரு குடியிருப்பும் பகிர்ந்துகொள்ளத் தடையாக இருப்பது எது? அதை எப்படி நீக்கலாம்?

3. பதிந்த பாடல்களை எமது பிள்ளைகள் கேட்கும் வேளை எது? பாடசாலையிலா, சங்கக் கூட்டத்திலா, வீட்டிலா?

செய்முறை

அடுத்த இதழ் வருமுன், எதையும் வாங்காமல், கையிலுள்ள தொலைபேசியில் ஒரு பாடலைப் பதியுங்கள். முதலில் சீமெந்து அறையிலும், பின்னர் கிடுகு வீட்டிலும் அதே பாடலைப் பதிந்து, இரண்டையும் சங்கத்திற் கேட்கச் செய்யுங்கள். வேறுபாட்டைக் காது சொல்லும். எந்தக் கருவி தேவை, அல்லது எந்தக் கருவியும் தேவையில்லையா என்பதை அதன் பின்னர் தீர்மானியுங்கள். பட்டியலில் வயது கூடியவரின் வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.